பருந்து மோதினால் ஜெட் என்ஜின் பிளேடுக்கு என்ன ஆகும்? வேலூர் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

2022 ஜூன் 19. பாட்னாவில் இருந்து 185 பயணிகளுடன் டெல்லிக்குக் கிளம்பியது ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம். தரையை விட்டு எழும்பும் நேரத்தில் முதல் என்ஜினில் பறவை மோதியது. என்ஜினில் இருந்து தீப்பொறி பறந்ததை கீழே இருந்தவர்கள் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். கேப்டன் மோனிகா கன்னா அந்த என்ஜினை அணைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே என்ஜினை வைத்து விமானத்தைத் திருப்பி பாட்னாவிலேயே பத்திரமாகத் தரையிறக்கினார். யாருக்கும் காயமில்லை.

பிறகு நடந்த ஆய்வில், அந்த என்ஜினின் 3 ஃபேன் பிளேடுகள் சேதமடைந்திருப்பது தெரியவந்ததாக விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ சொன்னது.

இங்கேதான் இரண்டு கேள்விகள். சதையும் எலும்பும் இறகும் மட்டுமே உள்ள ஒரு பறவை, டைட்டானியம் உலோக பிளேடை எப்படி வளைக்கிறது? வளைந்த பிறகும் அந்த என்ஜின் ஏன் வெடித்துச் சிதறவில்லை?

பாட்னா கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். வேலூர் அப்துல்லாபுரத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. மத்திய அரசின் உடான் திட்டத்தில் தேர்வான அந்த நிலையத்தில் இருந்து பயணிகள் சேவை எப்போது தொடங்கும் என்று வேலூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிஎம்சி மருத்துவக் கல்லூரி வளாகம் இருக்கும் பாகாயம், அங்கிருந்து நேர்கோட்டில் 10 கிலோமீட்டருக்குள்தான் வருகிறது. அந்த 10 கிலோமீட்டருக்கு ஒரு முக்கியமான அர்த்தம் உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் என்ஜினுக்குள் போவோம்.

முன்னால் சுற்றுவது என்ன?

விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கும் என்ஜினை முன்பக்கமாகப் பார்த்தால் பெரிய ஃபேன் தெரியும். அதன் ஒவ்வொரு ரெக்கையும்தான் ஃபேன் பிளேடு. பாட்னா விமானத்தில் இருந்தது சிஎஃப்எம்56-7பி வகை என்ஜின். அதன் ஃபேன் சுமார் 1.55 மீட்டர் விட்டம் கொண்டது. 24 டைட்டானியம் பிளேடுகள்.

இதே வகை என்ஜின் நம் பக்கத்திலும் பறக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் இருக்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானம், போயிங் 737-ஐ அடிப்படையாகக் கொண்டதுதான். அதன் என்ஜினும் சிஎஃப்எம்56-7பி வகைதான்.

ஃபேன் உள்ளே இழுக்கும் காற்று இரண்டாகப் பிரியும். 6-ல் 5 பங்கு அளவுக்கான காற்று, என்ஜினின் மையத்துக்குள் போகாமல் சுற்றுவட்டமாகப் பின்னால் தள்ளப்படும். விமானத்தை முன்னே தள்ளும் விசையில் பெரும்பங்கு இதில்தான் கிடைக்கிறது. மிச்சம் 1 பங்கு மட்டும் நடுவில் இருக்கும் 'கோர்' எனப்படும் மையப்பகுதிக்குள் போய், அழுத்தப்பட்டு, எரிபொருளோடு சேர்ந்து எரியும். இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பறவை மோதலின் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

பறவை கல்லாக மாறுவது எப்படி?

கிணற்றில் குதிக்கும்போது தலைகீழாகப் பாய்ந்தால் வலிக்காது. தட்டையாக வயிறு பட விழுந்தால் பலகையில் அடித்தது போல எரியும். தண்ணீர் அதே தண்ணீர்தான். வேகமும், படும் கோணமும்தான் மாறின. பறவை விஷயத்திலும் இதே கதைதான்.

டேக்-ஆஃப் நேரத்தில் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஃபேனின் வேகம் அதைவிடப் பல மடங்கு அதிகம். நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் சுற்றும்போது, பிளேடின் நுனி மணிக்கு சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அது ஒலியின் வேகத்தைவிட அதிகம்.

இவ்வளவு வேகத்தில் பறவையின் உடல் சதையாக நடந்துகொள்ளாது. ஒரு நீர்மத்தைப் போல பிளேடின் மேல் பரவி வழியும். அதனால்தான் பொறியாளர்கள் இதை 'மென்பொருள் மோதல்' என்று, அதாவது கல், போல்ட்டு போன்ற கடினப் பொருள் மோதுவதில் இருந்து வேறாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கல் பட்டால் சின்ன இடத்தில் ஆழமான வெட்டு விழும். பறவை பட்டால் அடி அகலமாகப் பரவி, பிளேடே வளையும்.

ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு

ஒரு பருந்து ஃபேனுக்குள் நுழைகிறது. கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் நீளமுள்ள உடல், விமான வேகத்தில் உள்ளே வர ஆகும் நேரம் 0.004 நொடி. அந்த நேரத்துக்குள் ஒரே இடத்தை சுமார் 8 பிளேடுகள் கடந்துவிடும். அதாவது பறவை முழுதாக ஒரு பிளேடின் மேல் மோதுவதில்லை. வெள்ளரிக்காயைச் சீவுவது போல ஒவ்வொரு பிளேடும் ஒரு துண்டைச் சீவி எடுக்கிறது. முக்கால் கிலோ பருந்து என்றால், ஒரு பிளேடுக்கு வரும் பங்கு தோராயமாக 100 கிராம்தான்.

பிளேடைக் காப்பாற்றும் முதல் விஷயம் இது. ஒரு பறவை மோதினால் 24 பிளேடுகளும் ஒரே மாதிரி அடிபடாமல், அடுத்தடுத்துள்ள சில பிளேடுகள் மட்டும் சேதமடைவதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது விஷயம், சுழற்சி. முழு வேகத்தில் சுற்றும்போது ஒவ்வொரு பிளேடையும் பல பத்து டன் விசை வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் கயிறு விறைத்து நிற்குமே, அதுபோல. இந்த இழுவிசை பிளேடை விறைப்பாக வைத்திருக்கிறது. அடிபட்டு வளைந்த பிளேடை மறுபடி நேராக்கவும் முயல்கிறது.

மூன்றாவது, பிளேடின் முறுக்கு. ஃபேன் பிளேடு தட்டையான பலகை இல்லை. அடியில் இருந்து நுனிக்குப் போகப்போக முறுக்கியிருக்கும். எதிரே வரும் காற்றை அதன் முன்விளிம்பு கத்தி போல வெட்டிக்கொண்டு போகும் கோணம் அது. பறவையும் பெருமளவு அந்தக் கோணத்தில் வெட்டுப்படுவதால், முழு அறையாக விழ வேண்டிய அடி குறைகிறது.

பிளேடுக்கு என்னவெல்லாம் ஆகலாம்?

சின்னப் பறவை என்றால் பல நேரங்களில் ஒன்றுமே ஆகாது. இறகும் ரத்தக் கறையும் மட்டும் இருக்கும். தரையிறங்கிய பிறகு என்ஜினியர் டார்ச் அடித்துப் பார்க்கும்போதுதான் மோதல் நடந்ததே தெரியவரும்.

கொஞ்சம் பெரிய பறவை என்றால் முன்விளிம்பு நெளியும். டின் மூடியின் ஓரம் மடங்கியது போல இருக்கும். அந்த நெளிவைத் தாண்டிப் போகும் காற்று சீராகப் போகாது. இதனால் என்ஜினுக்குள் காற்றோட்டம் தடுமாறி 'டப், டப்' என்று வெடிச் சத்தம் கேட்கலாம், பின்னால் தீச்சுடர் தெரியலாம். இதை 'சர்ஜ்' என்பார்கள். பயணிகள் 'என்ஜின் தீப்பிடிச்சிருச்சு' என்று பதறுவது பல நேரங்களில் இந்தச் சுடரைப் பார்த்துத்தான். எல்லாச் சுடரும் தீ விபத்து இல்லை.

அடுத்தது ஆட்டம். வாஷிங் மெஷினில் ஈரத் துணி ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் மெஷின் குதிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு, டிரம்மில் ஈரத்தோல் ஒரு பக்கமாகக் குவிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிமிடத்துக்கு 5,000 தடவை சுற்றும் ஃபேனில் ஒரு பிளேடு லேசாக வளைந்தாலே எடைச் சமநிலை கெட்டு, விமானமே அதிரும். காக்பிட்டில் அதிர்வைக் காட்டும் அளவுகோல் உயரும். அதைப் பார்த்துத்தான் விமானி வேகத்தைக் குறைப்பதா, என்ஜினை அணைப்பதா என்று முடிவெடுக்கிறார்.

கடைசி நிலை, பிளேடு ஒடிவது. இது மிக அரிது. ஒடிந்தாலும் அந்தத் துண்டு வெளியே பாய்ந்து விமானத்தின் உடலையோ எரிபொருள் டேங்கையோ துளைக்கக் கூடாது. அதற்காகவே ஃபேனைச் சுற்றி தடித்த உறை இருக்கிறது. புதிய என்ஜினுக்கு அனுமதி வாங்கும்போது, முழு வேகத்தில் சுற்றும் ஃபேனில் ஒரு பிளேடை வேண்டுமென்றே வெடிவைத்து உடைத்து, உறை அதைப் பிடித்து வைக்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும்.

அப்படியென்றால் ஆபத்து எங்கே?

பெரும்பாலான மோதல்களில் ஃபேன் பிளேடு தன் வேலையைச் செய்துவிடுகிறது. பறவையை வெட்டி, சுழற்சி விசையால் வெளிவட்டத்துக்குத் தள்ளி, பின்பக்கமாக வெளியேற்றிவிடும். நடுவில் கூம்பு வடிவ மூக்கு இருப்பதும் இதற்கு உதவுகிறது.

பறவை மையப்பகுதிக்குள் போய்விட்டால் கதை வேறு. அங்கே இருப்பவை விரல் நீளத்துக்கும் உள்ளங்கை அகலத்துக்கும் இருக்கும் சின்னச் சின்ன பிளேடுகள். அவை உடைந்தால் ஒன்று அடுத்ததை உடைக்கும். எரிதல் நின்றுபோகும்.

2009 ஜனவரி 15-ல் நியூயார்க்கில் நடந்தது இதுதான். யுஎஸ் ஏர்வேஸ் விமானம் கிளம்பி 2 நிமிடத்துக்குள் கனடா வாத்துக் கூட்டத்தில் மாட்டியது. ஒவ்வொன்றும் சுமார் 3.6 கிலோ. இரண்டு என்ஜின்களின் மையப்பகுதிக்குள்ளும் பறவைகள் புகுந்தன. இரண்டும் உந்துவிசையை இழந்தன. கேப்டன் செஸ்லி சல்லன்பர்கர் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கியதால் 155 பேரும் பிழைத்தார்கள். அந்தப் பறவைகளின் எடையும் எண்ணிக்கையும் என்ஜின் சோதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன என்பதுதான் விசாரணையில் தெரிந்த முக்கியமான உண்மை.

2019 ஆகஸ்ட் 15-ல் மாஸ்கோ அருகே ஜுகோவ்ஸ்கி விமான நிலையத்தில் இருந்து கிளம்பிய உரால் ஏர்லைன்ஸ் விமானம் கடல்காகக் கூட்டத்தில் மோதி, சோளக் காட்டில் இறங்கியது. 233 பேரும் உயிர் தப்பினார்கள். விமான நிலையத்தைச் சுற்றியிருந்த குப்பைகள் பற்றிய கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது.

எவ்வளவு பெரிய பறவை வரை தாங்க வேண்டும்?

புதிய என்ஜினுக்கு அனுமதி கிடைக்கும் முன், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினுக்குள் பறவைகளைக் காற்றுப் பீரங்கி மூலம் செலுத்திச் சோதிக்கிறார்கள். இறந்த பறவைகள் அல்லது அதே எடையுள்ள ஜெலட்டின் உருண்டைகள் பயன்படுத்தப்படுகின்றன. அமெரிக்க விதிப்படி கணக்கு இப்படிப் போகிறது.

சின்னப் பறவைகள்: ஒன்று சுமார் 85 கிராம். என்ஜினின் அளவைப் பொறுத்து 16 வரை.

நடுத்தரப் பறவைகள்: கூட்டமாக மோதிய பிறகும் என்ஜின் 75 சதவீத உந்துவிசையாவது தர வேண்டும். மொத்தம் 20 நிமிடம் ஓட வேண்டும். விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கத் தேவைப்படும் நேரம் அது.

பெரிய ஒற்றைப் பறவை: என்ஜினின் அளவைப் பொறுத்து 1.85 கிலோவில் இருந்து 3.65 கிலோ வரை. இங்கே என்ஜின் தொடர்ந்து ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தீப்பிடிக்காமல், துண்டுகள் வெளியே பறக்காமல், பத்திரமாக அணைக்கும்படி இருந்தால் போதும்.

ஹட்சன் சம்பவத்தின் பாடமாக, விமானம் மேலேறும் நேரத்தில் மையப்பகுதிக்குள் பறவை புகுந்தால் என்ன ஆகும் என்ற கூடுதல் சோதனையை 2023-ல் அமெரிக்கா சேர்த்தது.

சிம்பிளாகச் சொன்னால், என்ஜினின் பலத்துக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை கிராம் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு கோழியால் கவிழ்ந்த கனவு

ஃபேன் பிளேடு எதில் செய்யப்பட வேண்டும் என்பதையும் பறவைதான் பல முறை தீர்மானித்திருக்கிறது. 1960-களின் கடைசியில் பிரிட்டனின் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் ஆர்பி211 என்ஜினுக்கு 'ஹைஃபில்' என்ற கார்பன் இழை பிளேடை உருவாக்கியது. எடை குறைவு, பலம் அதிகம். ஆனால் 1970-ல் நடந்த பறவை மோதல் சோதனையில் அந்த பிளேடு நொறுங்கியது. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த என்ஜினுக்கான செலவு எகிறி, 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்ராய்ஸ் திவாலானது. பிரிட்டன் அரசு அதைத் தேசியமயமாக்கிக் காப்பாற்றியது.

கார்பன் இழை வெற்றிகரமாகத் திரும்பி வந்தது 1995-ல், ஜிஇ90 என்ஜினில். ரகசியம் முன்விளிம்பில் இருந்தது. பறவை முதலில் படும் ஓரத்துக்கு டைட்டானியம் கவசம் போட்டார்கள். இன்று இண்டிகோவின் பல ஏர்பஸ் விமானங்களில் இருக்கும் லீப் என்ஜினிலும் இதே முறைதான். அதில் 18 பிளேடுகள். துணி நெய்வது போல கார்பன் இழையை முப்பரிமாணத்தில் நெய்து செய்யப்படுவதால், அடிபட்டாலும் அடுக்கு அடுக்காகப் பிரியாது.

ஆனால் ஒரு பிரச்சினையைத் தீர்த்தால் இன்னொன்று வரும். 2023 மார்ச்சில் ஹவானாவிலும் டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸிலும் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் இரண்டு 737 மேக்ஸ் விமானங்களில் பறவை மோதியது. ஃபேனின் ஆட்டம் அதிகமானதும், என்ஜின் உடலைக் காப்பாற்ற வைத்திருந்த பாதுகாப்பு அமைப்பு வேலை செய்தது. அதன் விளைவாக ஆயில் கசிந்து சூடான காற்றில் கலந்து, ஒரு விமானத்தில் பயணிகள் பகுதியிலும் மற்றொன்றில் காக்பிட்டிலும் புகை சூழ்ந்தது. 2025 ஜூனில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைச் சரிசெய்யும்படி அவசரப் பரிந்துரை வெளியிட்டது.

பலரும் கேட்கும் 3 சந்தேகங்கள்

என்ஜின் முன்னால் கம்பி வலை போட்டால் என்ன? பருந்தைத் தடுக்கும் அளவுக்கு வலை தடிமனாக இருந்தால் காற்று குறையும், எடை கூடும், குளிரில் வலையில் பனி கட்டும். வலை உடைந்தால் பறவையோடு இரும்பும் சேர்ந்து உள்ளே போகும். அது இன்னும் மோசம்.

நடுவில் வெள்ளைச் சுருள் வரைந்திருப்பது பறவையை விரட்டவா? முக்கிய நோக்கம் அது இல்லை. என்ஜின் சுற்றுகிறதா இல்லையா என்று தரையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியத்தான்.

பறவை மோதினால் உள்ளே கருகிய வாடை வருமா? வரலாம். பயணிகள் சுவாசிக்கும் காற்று பல விமானங்களில் என்ஜினின் மையப்பகுதியில் இருந்துதான் எடுக்கப்படுகிறது.

சின்னக் கீறல்தானே என்று விட முடியுமா?

முடியாது. 2018 ஏப்ரல் 17-ல் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றில் சிஎஃப்எம்56-7பி என்ஜினின் பிளேடு ஒடிந்து, ஒரு பயணி உயிரிழந்தார். அங்கே பறவை எதுவும் மோதவில்லை. உலோகச் சோர்வால் வந்த விரிசல்தான் காரணம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் நாளாக நாளாக வளரும் என்பதற்கு அது சாட்சி.

அதனால்தான் பறவை மோதிய என்ஜினை அப்படியே அடுத்த பயணத்துக்கு அனுப்புவதில்லை. சின்னக் கேமராவை உள்ளே விட்டு மையப்பகுதியைப் பார்ப்பார்கள். சின்ன நெளிவு என்றால் ராவிச் சரிசெய்வார்கள். பெரிய சேதம் என்றால் பிளேடை மாற்றுவார்கள். எடைச் சமநிலைக்காக எதிர்ப்பக்க பிளேடையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ஒட்டியிருக்கும் ரத்தக் கறையையும் இறகையும் எடுத்து எந்தப் பறவை என்றும் கண்டுபிடிக்கிறார்கள். கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம் இதுபோன்ற மரபணு ஆய்வில் ஈடுபட்டிருக்கிறது. எந்தப் பறவை என்று தெரிந்தால், அது எதைத் தின்ன அங்கே வந்தது என்பது தெரியும்.

தீர்வு தரையில் இருக்கிறது

பறவை மோதல்களில் மிகப் பெரும்பாலானவை 3,000 அடிக்குக் கீழே, விமானம் ஏறும்போதோ இறங்கும்போதோதான் நடக்கின்றன. அதாவது விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மேலே. எனவேதான் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-வது விதி, விமான நிலையத்தின் மையப்புள்ளியில் இருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் விலங்குகளை வெட்டுவது, தோலுரிப்பது, பறவைகளை ஈர்க்கும் குப்பை, இறைச்சி, மீன் கழிவுகளைக் கொட்டுவது ஆகியவற்றைத் தடை செய்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

தோலும் விமானமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். பக்கத்தில் பம்மல், நாகல்கேணியிலும் தோல் பதனிடும் தொழில் இருந்துவருகிறது.

வேலூரின் நிலைமை கொஞ்சம் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய தோல் மையங்கள் அப்துல்லாபுரத்தின் 10 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அதனால் 'டேனரி இருக்கிறது, பருந்து வரும்' என்று தொழில்மீது மட்டும் பழிபோட முடியாது. வட்டத்துக்கு உள்ளே இருப்பது வேலூர் நகரமும் பாகாயம் போன்ற புறநகர்களும்தான். அதாவது இறைச்சிக் கடைகள், பிரியாணிக் கடைகள், மார்க்கெட், பாலாற்றங்கரை, தெருமுனைக் குப்பைத் தொட்டி. கோழிக் கழிவு மூட்டை ஒன்று திறந்தவெளியில் கிடந்தால் போதும், கரும்பருந்து வட்டமடிக்கும், காகம் கூடும். குப்பையில் புழு வைத்தால் உண்ணிக்கொக்கும் வரும்.

அப்துல்லாபுரத்துக்கு முதலில் வரப்போவது சிறிய ரக விமானங்கள்தான். அவற்றில் பெரும்பாலும் வெளியே சுற்றும் புரொப்பல்லர்தான் இருக்கும், பெரிய ஃபேன் இருக்காது. ஆனால் பறவைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சிறிய விமானத்துக்கு அடி இன்னும் பெரிதாகவே படும். வேலூருக்கு விமானம் வந்தால் அதில் பாதிப் பேர் சிஎம்சிக்குச் சிகிச்சைக்கு வரும் வெளிமாநில நோயாளிகளாகவும் அவர்களின் உறவினர்களாகவும் இருக்கலாம்.

விமான நிலையத்துக்குள் புல்லைக் குறைப்பது, தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, பட்டாசு வெடித்து விரட்டுவது எல்லாம் நிர்வாகத்தின் வேலை. மதில் சுவருக்கு வெளியே உள்ள 10 கிலோமீட்டர் மாநகராட்சி, ஊராட்சிகள், கடைக்காரர்கள், வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது. இறைச்சிக் கழிவை மூடிய டப்பாவில் சேர்த்து, அன்றன்றே அள்ளி, திறந்தவெளியில் கொட்டாமல் இருப்பது மட்டுமே அதற்குத் தேவை. சேவை தொடங்கிய பிறகு பருந்துகளை விரட்டுவதைவிட, தொடங்கும் முன்பே அவற்றுக்கு அங்கே சாப்பாடு இல்லாமல் செய்வது சுலபம், செலவும் குறைவு.

பாட்னாவில் 3 பிளேடுகள் வளைந்தும் 185 பேர் வீடு திரும்பினார்கள். பிளேடு தன் பங்கைச் சரியாகச் செய்தது. அது தாங்கக்கூடிய எடைக்கு எல்லை இருக்கிறது. குப்பை மேட்டைத் தேடி வரும் பறவைக் கூட்டத்துக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை.